ஆறங்குல மேடை

திருகோணமலை உட்துறைமுக வீதியை அண்டி வாழும் அம்மனிதர் ஐம்பது வயதைக் கடந்தவர். போர்க்காலத்து ஷெல் வீச்சொன்றில் முதுகெலும்பு சிதைந்தமையால் இடுப்பின் கீழ் உணர்விழந்தவர். ஆயினும், வீட்டுத் திண்ணையே உலகமென்று அடங்கியிருக்க அவர் உடன்படவில்லை. வேகத்தையும் தடையையும் கையாலேயே இயக்கும் நெம்புகோலொன்று பொருத்தப்பட்ட பழைய நிஸான் லீஃப் மின்காரே அவருக்குக் கால்கள்.

இத்தகையோருக்கு மின்கார் ஒரு வரமென்பதில் ஐயமில்லை. கிளச் இல்லை, கியர் மாற்றும் தொல்லை இல்லை. ஆனால், வரத்தோடு ஒரு வில்லங்கமும் வந்து சேர்ந்தது. முன்பு எரிபொருள் நிரப்பு நிலையத்தில் அவர் ஆசனத்தைவிட்டு அசைந்ததில்லை. "எவ்வளவுக்கு ஐயா?" என்று ஊழியர் அருகே வருவார், கண்ணாடியை இறக்கிக் காசை நீட்டினாற் போதும். மின்னேற்றும் இடத்திலோ பெரும்பாலும் ஆளில்லை. தானே இறங்கி, கைபேசியாலோ அட்டையாலோ இயந்திரத்தை இயக்கி, கனத்த வடத்தை இழுத்துச் செருகுதல் வேண்டும். தாமே எண்ணெய் நிரப்பிக்கொள்ளும் வழக்கமுள்ள மேலைநாடுகளில் இஃது பழைய துன்பத்தின் புதிய வடிவம். நம் நாட்டிலோ, இல்லாதிருந்த துன்பமொன்று புதிதாகப் பிறந்துள்ளது.

கொழும்பு வைத்தியசாலைக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். பழைய மின்கலம் அவ்வளவு தூரம் தாங்காது. வழியில் ஓரிடத்தில் மின்னேற்றி இருந்தது. ஆனால், ஆறங்குல உயரக் கொங்கிரீற்று மேடையின் மேல், இரு இரும்புத் தூண்களின் காவலில் இருந்தது. லீஃபின் மின்வாய் காரின் மூக்கில் உள்ளது. சக்கர நாற்காலியோ காருக்கும் தூணுக்கும் இடையே நுழையவில்லை. பக்கத்துத் தேநீர்க் கடைப் பையனை அழைத்தார்.

"தம்பி, ஒருக்கா இந்த வயரை எடுத்துத் தாறீங்களோ?"

"நீங்க இருங்க ஐயா, நான் போட்டு விடுறன்."

பையன் நல்லவன், காசும் வாங்கவில்லை. ஆயினும் அன்றிரவு அவர் மனைவியிடம் கூறியது இது: "ஆரையும் கேக்காமல் போய்வரத்தானே இந்தக் காரை வாங்கினது."

சட்டம் இல்லாமலில்லை. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. அதன்கீழ் 2006 இல் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள், ஏற்கெனவே இருந்த பொதுக் கட்டடங்களைத் திருத்த மூன்றாண்டு அவகாசம் அளித்தன. 2009 இல் உயர் நீதிமன்றமும் அவற்றுக்கு வலுச்சேர்க்கும் கட்டளையைப் பிறப்பித்தது. 2016 இல் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. இவ்வளவும் இருந்தும் படியருகே நாற்காலி நிற்பது நாம் அன்றாடம் காணும் காட்சியே.

வேண்டுவது பெரிதன்று. அமெரிக்க அணுகல் சபை 2022 இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, இடம் 11 அடி அகலமும் 20 அடி நீளமும் இருத்தல் வேண்டும். இயக்கும் பகுதிகள் 4 அடிக்கு மேற்படலாகாது. ஒரு கையால், 5 இறாத்தலுக்கு மேற்படாத விசையில் அவை இயங்க வேண்டும். அதே ஆண்டில் பிரித்தானியாவும் இதற்கெனத் தனி நியமம் வகுத்தது. மேடையை நீக்கித் தரையோடு தரையாய் அமைப்பதற்கு எந்த அறிஞர் குழுவும் வேண்டியதில்லை.

எண்ணெயை நம்பி வளர்ந்த துறைமுகம் இது. பிரித்தானியர் சீனன்குடாவில் எழுப்பிய ஏறக்குறைய நூறு தாங்கிகளுள் ஒன்றை 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதல் எரித்தது. இன்று கொட்டியாரக்குடாவின் மறுகரையில், சம்பூரில், 2025 ஏப்ரலில் சூரிய மின் நிலையமொன்றின் வேலை தொடக்கிவைக்கப்பட்டது. 2020 இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதியும் 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. மின்னேற்றிகள் பெருகத்தான் போகின்றன. கொங்கிரீற்று ஊற்றுமுன் அளவைத் திருத்தச் செலவில்லை. ஊற்றியபின் உடைக்க வேண்டும்.

அவர் இப்போது காரில் அளவுநாடா ஒன்றும் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றும் வைத்திருக்கிறார். செல்லுமிடமெல்லாம் மேடையின் உயரத்தையும் தூண்களின் இடைவெளியையும் அளந்து குறித்துக்கொள்கிறார். நாடாவின் மறுமுனையைப் பிடிக்கமட்டும் ஓர் ஆள் வேண்டும்.