வெள்ளையடிக்கவும் ஒரு விலை

கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளைத் தாண்டி காபி ஹவுஸ் படியேறினால், முதலில் வரவேற்பது பேச்சுச் சத்தம். காபி வாசனை பிறகுதான். உயரமான கூரை, நீண்ட தண்டுகளில் தொங்கும் மின்விசிறிகள், சுவரில் தாகூர், தலைப்பாகை கட்டிய சர்வர்கள். எதிரே பிரசிடென்சி, பக்கத்திலேயே கல்கத்தா பல்கலைக்கழகம். பால் சேர்க்காத ‘இன்ஃபியூஷன்’ ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு மாலை முழுக்க விவாதிப்பது இங்கே வழக்கம்.

1876இல் ஆல்பர்ட் ஹாலாகத் தொடங்கிய இடம் இது. 1942இல் காபி வாரியம் இங்கே காபிக் கடை திறந்தது. 1958இல் கடை மூடப்பட்டபோது, இரு கல்வி நிலையங்களின் பேராசிரியர்களும் அரசிடம் மனுக் கொடுத்தார்கள். அதே ஆண்டில் மீண்டும் திறந்தது. இம்முறை ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில்.

2006இல் இன்னொரு சோதனை. கட்டடத்தைப் புதுப்பிக்கச் சங்கத்திடம் பணமில்லை. செலவை ஏற்கச் சில நிறுவனங்கள் முன்வந்தன. ஆனால் அவற்றின் நிபந்தனைகள் ஒத்துவரவில்லை. சங்கம் மறுத்துவிட்டது.

பிடிவாதம் என்று தோன்றலாம். ஆனால் இதுபோன்ற இடங்களில் சிக்கல் சிமென்ட்டில் இல்லை. ஒழுகும் கூரையை அடைக்கலாம். சுவருக்கு வண்ணம் பூசலாம். போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் காபி விலை ஏற வேண்டும், மேஜை சீக்கிரம் காலியாக வேண்டும். அப்போது முதலில் வெளியேறுவது சில்லறையை எண்ணிக்கொண்டு வரும் மாணவன்தான்.

இங்கு கூடிய நண்பர்கள் கலைந்துபோனதை மன்னா தே 1983இல் உருகிப் பாடினார். அந்தப் பாட்டிலும் மேஜைக்குப் புதியவர்கள் வந்துவிடுகிறார்கள். சங்கம் காப்பாற்ற நினைத்தது அந்த மேஜையைத்தான்.