பென்சிலில் எழுதும் எடை

அறுவைக்கு 14 நாள் முன்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடல் எந்த எடையில் நிலைகொண்டால் போதும் என்று நோயாளியும் மருத்துவரும் பேசிக் குறித்துக்கொள்வது இலக்கு எடை. அதைக் குறிக்குமுன் ஆரம்ப எடை எது என்று தீர்மானிக்க வேண்டும். இது தோன்றுகிற அளவுக்கு எளிதல்ல. வாழ்நாளில் தொட்ட உச்ச எடை ஒன்று, ஓ.பி. சீட்டில் முதன்முதலாகக் குறித்த எடை ஒன்று; அறுவை நாளன்று காலையில் பார்த்த எடை ஒன்று. அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் பெரும்பாலும் கலோரி குறைந்த திரவ உணவுதான் தருவார்கள். கொழுப்பேறிப் பருத்த கல்லீரல் சுருங்கினால்தான் அதன் அடியில் இருக்கும் இரைப்பையைக் கருவிகள் எளிதாக எட்டும். அந்த இரு வாரத்திலேயே சில கிலோ இறங்கிவிடும். ஆகவே எந்த எண்ணிலிருந்து எண்ணத் தொடங்கியது என்பதை முதல் பக்கத்தில் எழுதாத நோட்டு பின்னால் எதற்கும் உதவாது.

இங்கே எடுத்துக்காட்டாக வரும் நோட்டு ஒரு கற்பனைப் பெண்ணுடையது. எண்கள் இத்தகைய உடல்களில் வழக்கமாகக் காணப்படும் போக்கை ஒட்டியவை. வயது 38. உயரம் 160 செ.மீ. ஓ.பி. எடை 110 கிலோ, பி.எம்.ஐ. 43. சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, முழங்கால் வலி, இரவில் குறட்டை. இரைப்பையைக் குறுக்கும் ஸ்லீவ் அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. இலக்கு என்ற இடத்தில் பென்சிலால் 54 என்று எழுதியிருக்கிறது.

அறுவைக்கு 10 நாள் முன்

54 வந்தது கல்யாண ஆல்பத்திலிருந்து. பலருடைய முதல் இலக்கு இப்படித்தான் பிறக்கிறது: கல்யாணத்தின்போது இருந்த எடை, முதல் பிரசவத்துக்கு முந்தைய எடை, கல்லூரி அடையாள அட்டையில் இருக்கும் முகத்தின் எடை. 110 கிலோவிலிருந்து 54க்கு இறங்குவதென்றால் உடலில் பாதிக்கு மேல் போக வேண்டும். எந்த வழக்கமான அறுவையும் அதைச் சராசரியாகத் தருவதில்லை.

ஆல்பத்துக்கு அடுத்தபடியாக நம்பப்படுவது உயரத்துக்கேற்ற எடை அட்டவணை. அதன் பூர்வீகம் தெரிந்தால் நம்பிக்கை சற்றுக் குறையும். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெத்தலே வானியலும் புள்ளியியலும் கற்றவர். வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறுகிறது என்று 1830களில் கண்டார். அவர் தேடியது ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்பதை. பருமனுக்கும் அந்தக் கணக்குக்கும் அப்போது தொடர்பே இல்லை. 20ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம், தன் பாலிசிதாரர்களில் எந்த எடைக்காரர்கள் நீண்டநாள் வாழ்ந்தார்கள் என்று பார்த்து அட்டவணை போட்டது. 1959இலும் 1983இலும் அது திருத்தப்பட்டது. எலும்புக்கட்டைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அது பிரித்தது. எடை உள்ளாடையோடு அல்ல, வீட்டு உடுப்போடும் காலணியோடும். இந்த 1983 அட்டவணையின் ‘நடுத்தர எலும்புக்கட்டு’ எண்தான் வெகுகாலம் அறுவை மருத்துவர்களின் ‘உத்தம எடை’யாக இருந்தது. கெத்தலேயின் எடை-உயர விகிதத்துக்கு ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’ (பி.எம்.ஐ.) என்று பெயர் வைத்தவர் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ், 1972இல்.

தெற்காசிய உடலுக்கு இதிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. ஒரே பி.எம்.ஐ.யில் ஐரோப்பியரைவிட இந்தியருக்குக் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றைச் சுற்றி அதிகம். சர்க்கரையும் சீக்கிரமே வந்துவிடும். அதனால் ஆசியர்களுக்கு 23, 27.5 என்ற இரு புள்ளிகளைக் கவனிக்கும்படி உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. இந்தியாவில் 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் பருமன் என்று கொள்கிறார்கள். 160 செ.மீ. உயரத்துக்கு பி.எம்.ஐ. 25 என்றால் 64 கிலோ. 23 என்றால் 59 கிலோ. நோட்டில் 54 அடிக்கப்பட்டு 59 ஆகியிருக்கிறது. ஆல்பம் போய் அட்டவணை வந்தது. அறுவையைப் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லை.

அறுவைக்கு முந்தைய நாள்

இலக்கை எழுத வேண்டிய நாள் இது. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் மேற்பகுதி வெளியேறிவிடும். மற்றொரு வகையான இரைப்பை பைபாஸ் அறுவையில் முட்டை அளவுப் பை ஒன்றை உருவாக்கி அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். உணவு சீக்கிரமே குடலின் அடிப்பகுதியை எட்டுவதால் ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. இரண்டிலுமே நடப்பது வயிற்றைச் சின்னதாக்கும் வேலை மட்டுமல்ல. உடல் விடாமல் காத்து வந்த எடைமட்டமே கீழே இறங்குகிறது என்பது இன்றைய உடலியல் கருத்து. எவ்வளவு இறங்கும் என்பதற்கும் கல்யாண ஆல்பத்துக்கும் சம்பந்தமில்லை.

ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஸ்லீவுக்கு மொத்த எடையில் சுமார் 25 சதவீதமும் பைபாஸுக்குச் சுமார் 30 சதவீதமும் குறையும் என்பது பொதுவான சராசரி. 110 கிலோவுக்கு 25 சதவீதம் என்றால் 27.5 கிலோ, மிச்சம் 82.5. அதன் பி.எம்.ஐ. 32. அட்டவணைப்படி இன்னும் பருமன்தான்.

குழப்பத்துக்குக் காரணம், சதவீதத்தில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, குறைந்த எடையை ஆரம்ப எடையால் வகுப்பது: இங்கே 25. மற்றது, குறைந்த எடையை ‘அதிகப்படி எடை’யால் வகுப்பது. 64 கிலோவை உத்தம எடை என்று வைத்தால் அதிகப்படி 46 கிலோ, 27.5 கிலோ குறைந்தது 60 சதவீதம் ஆகிவிடும். 59ஐ வைத்தால் அதிகப்படி 51, சதவீதம் 54. உடல் ஒன்று, இறங்கிய கிலோ ஒன்று, மதிப்பெண் மூன்று. ‘அறுபது சதவீதம் குறையும்’ என்று ஆலோசனை அறையில் கேட்டவர், அதை மொத்த எடையில் அறுபது என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது உண்டு. 44 கிலோவில் நிற்கப்போகிறோம் என்ற கனவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இலக்கு பேசும்போது மொத்த எடைச் சதவீதத்தை மட்டும் பயன்படுத்துவதே நேர்மையான வழி.

எதிர்பார்ப்பைப் பற்றி 1997இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. அறுவை இல்லாமல் எடை குறைக்க வந்த 60 பெண்களிடம் கேரி ஃபாஸ்டரும் தாமஸ் வாடனும் மற்றவர்களும் கனவு எடை, மகிழ்ச்சி தரும் எடை, ஏற்றுக்கொள்ளக்கூடிய எடை, ஏமாற்றம் தரும் எடை என்று நான்கைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சராசரி இலக்கு, உடல் எடையில் 32 சதவீதம் குறைய வேண்டும் என்பது. 48 வார சிகிச்சையில் சராசரியாக 16 கிலோ குறைந்தது. கிட்டத்தட்ட பாதிப்பேர் தாங்களே குறித்த ‘ஏமாற்ற’ எடையைக்கூட எட்டவில்லை. மருத்துவக் கணக்கில் 16 கிலோ நல்ல பலன்.

அந்த நான்கு எடைகளை அறுவைக்கு முன்பே எழுதிவைப்பது நல்ல பழக்கம். மனது பிற்பாடு ‘நான் முதலிலிருந்தே அவ்வளவுதான் எதிர்பார்த்தேன்’ என்றோ ‘இன்னும் நிறைய சொன்னார்கள்’ என்றோ மாற்றிச் சொல்லும். தாள் மாற்றிச் சொல்லாது. நோட்டில் இன்று 59 அடிக்கப்பட்டு ஒற்றை எண்ணுக்குப் பதில் ஓர் எல்லை எழுதப்பட்டிருக்கிறது: 78 முதல் 86 கிலோ.

21ஆம் நாள்

எடை 101.8. ஒரு வாரமாக அதே 101.8. அறுவைக்கு ஆளானவர்களில் பலர் மூன்றாம் வாரத்தில் இந்தச் சுவரில் முட்டுகிறார்கள். முதல் நாட்களில் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துவைத்த கிளைக்கோஜன் கரைகிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் தண்ணீரும் சேர்ந்து போகிறது. வேகம் அந்தத் தண்ணீருடையது. பிறகு நீர்ச்சமநிலை திரும்பும்போது முள் நின்றுவிடும், கொழுப்பு கரைவது தொடர்ந்தாலும். வாரம் ஒரு நாள், காலையில், கழிவறை போய்வந்து, ஒரே தராசில் பார்த்தால் போதும். தினமும் ஏறி நிற்பவர் பார்ப்பது முந்தைய நாள் ஊறுகாயின் உப்பைத்தான்.

3ஆம் மாதம்

எடை 93. தலையணையில் கொத்துக் கொத்தாக முடி. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை முடி கொட்டுவது வழக்கம். பெரும்பாலும் திரும்ப வளரும். கவலைப்பட வேண்டியது தசை. குறைகிற எடையில் ஒரு பங்கு கொழுப்பல்ல, தசை. அதைக் காக்க நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். அரை இட்லியில் வயிறு நிறைந்துவிடும் ஒருவருக்கு இது கடினமான வேலை: ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு தம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. இட்லியைத் தள்ளிவைத்து முட்டை, பனீர், மீன், வேகவைத்த பயறு என்று புரதத்தை முதல் வாயில் வைக்கச் சொல்வது இதனால்தான். எடை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை இந்த மாதத்தில் இலக்காக வைப்பவர் தசையை விலையாகக் கொடுக்கிறார். நோட்டில் எடைக்குப் பக்கத்தில் ‘புரதம்’ என்று ஒரு கட்டம் புதிதாகப் போடப்பட்டிருக்கிறது.

6ஆம் மாதம்

எடை 86.5. இடுப்புச் சுற்றளவு 118 செ.மீ.யிலிருந்து 101. சர்க்கரை மாத்திரை இரண்டும் மருத்துவர் சொல்லி நிறுத்தியாகிவிட்டது. குறட்டை இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழ முடிகிறது. டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் இரண்டாவது ஆளும் உட்காருகிறார்.

தராசுக்குத் தெரியாத இலக்குகள் இவை. இவற்றையும் அறுவைக்கு முன்பே பெயர் சொல்லி எழுதியிருந்தால்தான் ஆறாம் மாதத்தில் எட்டியது தெரியும். இல்லாவிட்டால் வலி போன இடத்தில் வலி இருந்ததே மறந்துவிடும். மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். சர்க்கரை தணிந்தது என்பதே சரி. திரும்பி வரலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை தொடரும்.

இதே மாதத்தில்தான் உறவினர்களின் இலக்குகளும் வந்து சேர்கின்றன. கல்யாண வீட்டில் ஒருவர் ‘என்னம்மா, முகமெல்லாம் வத்திப்போச்சு, சர்க்கரையா?’ என்று கேட்பார். பந்தியில் எதிரே இருப்பவர் ‘ஆபரேஷன் பண்ணியும் இன்னும் குண்டாத்தானே இருக்கே’ என்பார். ஒரே மண்டபம், ஒரே உடல். இரண்டுக்கும் நோட்டில் கட்டம் இல்லை.

12ஆம் மாதம்

எடை 81.6. மாதத்துக்கு ஒரு கிலோகூட இறங்கவில்லை. பெரும்பாலோருக்கு 12 முதல் 24 மாதத்துக்குள் அடிமட்டம் வந்துவிடும். வயிற்றிலும் கையிலும் தோல் தொங்குகிறது. சிலருக்கு அந்தத் தோலே சில கிலோ இருக்கும். அதை எந்த உடற்பயிற்சியும் கரைக்காது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். அட்டவணை அந்தக் கிலோக்களையும் கொழுப்பாகவே எண்ணுகிறது.

இலக்கைக் கீழே நகர்த்தும் ஆசை இப்போது வரும். 78 வரை எழுதியாயிற்றே, 70 ஆக்கினால் என்ன? அதற்காகச் சாப்பாட்டை மேலும் குறைத்தால் இரும்பு, பி12, வைட்டமின் டி எல்லாம் சரிந்து தலைசுற்றலில் முடியும். இந்தச் சத்துகளுக்கான மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தேவை.

18ஆம் மாதம்

எடை 81. மூன்று மாதமாக அசையவில்லை. குறைந்தது 29 கிலோ, மொத்த எடையில் 26 சதவீதம். அறுவையின் கணக்கில் சராசரிக்குச் சற்று மேல். பி.எம்.ஐ. 31.6, அட்டவணையின் கணக்கில் பருமன். இரண்டில் எதை நம்புவது என்றால், அறுவை என்ன தர முடியும் என்பதை அளக்க முதலாவது. இன்னும் எந்த நோய்க்கு ஆபத்து இருக்கிறது என்று அறிய இரண்டாவதும் இடுப்பளவும் ரத்தப் பரிசோதனையும். அட்டவணையை மதிப்பெண் தாளாகப் பயன்படுத்துவதுதான் தவறு.

தனியாளுக்குச் சராசரி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்குப் பின்லாந்தின் ஸ்லீவ்பாஸ் ஆய்வு சான்று. 240 பேரைக் குலுக்கல் முறையில் ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் பிரித்து பத்தாண்டு தொடர்ந்தார்கள். அதிகப்படி எடையில் குறைந்தது, நடுமதிப்பாக, ஸ்லீவில் 43.5 சதவீதம், பைபாஸில் 50.7. ஆனால் இரண்டிலுமே, ஏறக்குறைய ஒன்றுமே குறையாதவரும் இருந்தார், நூறு சதவீதத்தைத் தாண்டியவரும் இருந்தார். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சமேனும் முன்கூட்டிச் சொல்ல, பிரான்சின் லீல் நகர மருத்துவர்கள் தலைமையில் 2023இல் ஒரு கணிப்புமுறை வந்தது. உயரம், எடை, வயது, அறுவை வகை, சர்க்கரை உண்டா, எத்தனை ஆண்டாக, புகைப்பழக்கம் ஆகிய ஏழே விவரங்களிலிருந்து ஐந்தாண்டு எடைப்பாதையை அது வரைகிறது. ஆல்பத்தைவிட அது நல்ல ஆரம்பம்.

குழந்தை வேண்டுவோர் 12 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இந்த நிலைகொள்ளல்தான்: உடல் இறங்கிக்கொண்டிருக்கும்போது கருவுக்குச் சத்து போதாது.

பென்சில் எண்கள் இன்று பேனாவால் எழுதப்படுகின்றன: 78 முதல் 86.

3ஆம் ஆண்டு

எடை 85. அடிமட்டத்திலிருந்து நான்கு கிலோ ஏறியிருக்கிறது. இது தோல்வி அல்ல, எதிர்பார்க்க வேண்டியது. 1987இல் தொடங்கிய ஸ்வீடன் பருமன் ஆய்வில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் 32 சதவீதம் இறங்கி, பத்தாம் ஆண்டில் 25 சதவீதத்தில் நின்றார்கள். எழுதும்போதே எல்லைக்கு மேல்விளிம்பு வைப்பது இந்த ஏற்றத்துக்காகத்தான்.

மேல்விளிம்பைத் தாண்டினால் என்ன செய்வது என்பதும் இலக்கின் பகுதி. முதலில் சாப்பாட்டு நோட்டு: பெரும்பாலும் குற்றவாளி பந்திச் சாப்பாடு அல்ல, நாள் முழுக்கக் கொறிக்கும் முறுக்கும் சர்க்கரை போட்ட காபியும். சின்ன இரைப்பை திரவத்தையும் மொறுமொறுப்பையும் தடுப்பதில்லை. அடுத்து புதிதாகச் சேர்ந்த மருந்துகள். சில மனநல மருந்துகளும் ஸ்டீராய்டும் எடை ஏற்றும். பிறகு இரைப்பைக் குழாய் விரிந்திருக்கிறதா என்ற சோதனை. 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த டிர்செபடைட் போன்ற ஊசி மருந்துகளும் இப்போது மருத்துவரின் கையில் இருக்கின்றன.

நோட்டில் இன்றைய பதிவு: 85. இடுப்பு 97. மூன்று மாதச் சர்க்கரை சராசரி இயல்பு. பி12 குறைவு, ஊசி. மேல்விளிம்புக்கு ஒரு கிலோ. மாலைக் காபியில் சர்க்கரை நிறுத்தம். அடுத்த எடை, ஞாயிறு காலை.