சொல்தா வீடுகளின் ஊர்

வரைபடத்தில் புதுச்சேரி ஒரு முட்டை வடிவம். நடுவே வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் அதை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலை ஒட்டி வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி என்று சுற்றுலா வழிகாட்டிகள் இரண்டே வரியில் ஊரைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இந்தக் கோடுகளுக்குள் அடங்காத இன்னொரு புதுச்சேரி உண்டு. குருசுக்குப்பத்திலும் நெல்லித்தோப்பிலும் விசாரித்தால் "அது சொல்தா வீடு" என்று கை காட்டுவார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்தவரை இந்த ஊர் சொல்தா என்றுதான் அழைக்கும். அவர் இறந்து இருபது வருஷம் ஆனாலும் வீட்டுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிடும். அரி கோத்தியே 'திண்ணை' நாவலில் எழுதிய குருசுக்குப்பம், இத்தகைய வீடுகள் நிறைந்த தெருக்களின் கதைதான்.

தமிழ்நாட்டின் எந்த ஊரிலிருந்தும் ராணுவத்துக்குப் போனவர்கள் உண்டு. புதுச்சேரியின் நிலைமை வேறு. இங்கிருந்து போனவர்கள் தாங்கள் அதுவரை கண்ணால் பார்த்திராத ஒரு நாட்டின் குடிமக்களாகப் போனார்கள். அதற்குப் பின்னால் ஒரு செருப்புக் கதை இருக்கிறது. 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். நீதிபதி அனுமதிக்கவில்லை. அவர் பாரீஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார். 1881 செப்டம்பரில் வந்த அரசாணை, இந்துச் சட்டம், முகமதியச் சட்டம் போன்ற தம் சொந்தச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்துக்கு உட்பட முன்வருபவர்களுக்குக் குடியுரிமையின் கதவைத் திறந்தது. பொன்னுத்தம்பி 'லபோர்த்' என்ற குடும்பப் பெயரை ஏற்றார். பிரெஞ்சில் அந்தப் பெயருக்கும் கதவு என்றே அர்த்தம்.

அந்தக் கதவு வழியே உள்ளே போனவர்களில் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கிறித்தவர்கள் கணிசமானவர்கள். கோயில் தெருவில் நடக்கவிடாத ஊரில், ஒரு கையெழுத்தின் மூலம் சட்டத்தின் முன்னாலாவது சமமாகிவிடலாம் என்றால் யார்தான் போகமாட்டார்கள்? குடிமகனாக ஆன பிறகு, குடிமகனுக்கு உரிய சீருடை வந்தது. சம்பளமும் வந்தது, முதுமையில் ஓய்வூதியமும் வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நின்ற குடும்பத்தில் ஒருவன் சொல்தா ஆனால், அந்த வீட்டின் கூரை மாறியது, அடுத்த பிள்ளை பள்ளிக்கூடம் போனது. இவர்களைக் காலனியின் கூலிப்படை என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் கிளம்பிய வீட்டின் வாசலைப் பார்க்காதவர்கள்தான் அப்படிப் பேச முடியும்.

புறப்பாடு இந்த ஊரில் எளிதாக நடந்ததில்லை. புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். 1866இல் கடலுக்குள் நீட்டிக் கட்டிய இரும்புப் பாலம்தான் ஊரின் வாசல். பாலத்தின் முனைவரை குடும்பம் கூட வரலாம். அதற்கப்பால் சலங்குப் படகு. அலை மீறி ஆளையும் பெட்டியையும் கப்பலில் சேர்ப்பது படகுக்காரர்களின் பொறுப்பு. இந்த ஊரின் போர் வரலாற்றில் கடற்கரைக் குப்பத்துக்காரர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அவர்கள் துடுப்புப் போடாமல் அந்தக் காலத்தில் ஒரு சொல்தாவும் கப்பல் ஏறியிருக்க முடியாது.

1914இல் ஐரோப்பாவில் போர் மூண்டபோது, புதுச்சேரி அதைத் தூரத்துச் செய்தியாக மட்டும் கேட்கவில்லை. செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுவிட்டுத் தெற்கு நோக்கி இந்தக் கடலோரமாகவே நகர்ந்தது. அப்போது ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் வாழ்ந்த பாரதி, ஜெர்மனியை எதிர்த்து நின்ற சின்னஞ்சிறு பெல்ஜியத்தை வாழ்த்திக் கவிதை எழுதினார். பிரிட்டிஷாரிடமிருந்து தப்பி பிரெஞ்சு மண்ணில் தஞ்சம் புகுந்தவர் அவர். போரின் நியாய அநியாயங்களைப் பற்றி அவருக்குச் சொந்தக் கணக்கு இருந்தது. 1918 நவம்பர் 11இல் போர் ஓய்ந்தது. அதே மாதம் 20ஆம் தேதி பாரதி எல்லையைத் தாண்டியபோது கடலூரில் கைது செய்யப்பட்டார். ஒரே மாதத்தில் இந்த ஊரின் சில வீடுகளில் மகன் உயிரோடு திரும்புவான் என்ற நம்பிக்கையும், ஊருக்கே சொந்தமான கவிஞர் சிறை போன செய்தியும் அடுத்தடுத்து வந்தன.

அந்தப் போரில் பிரெஞ்சுச் சீருடையில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையும் 1914 செப்டம்பர் இறுதியிலேயே மர்செய் துறைமுகத்தில் இறங்கிவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் வில்லியனூர், அந்தப் பக்கம் கண்டமங்கலம். ஒரே வட்டாரத்துக்காரர்கள் இரண்டு பேரரசுகளின் வீரர்களாக ஒரே மண்ணில் நின்றிருக்கக்கூடும்.

இந்த மண்ணிலிருந்து கிளம்புகிறவனுக்கு ஊர் என்ன செய்தது? அரசு துப்பாக்கி கொடுத்தது, உடை கொடுத்தது. மற்றதெல்லாம் தெருவின் பொறுப்பு. மணக்குள விநாயகருக்குச் சிதறுகாய், வில்லியனூர் லூர்து மாதாவுக்கு நேர்த்திக்கடன். நாள்பட இருக்கும் வடகம், ஊறுகாய், பொடி. பாரீஸ் போகிற புதுச்சேரிக்காரர் பெட்டியில் இன்றும் வடகம் இருக்கும். அந்த வாசனையை 'வதுவான்' என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையல்காரர்கள் இன்று கொண்டாடுகிறார்கள். இதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. மகன் போன பிறகு வயலைப் பார்ப்பது, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கூட ஓடுவது, பிரெஞ்சில் வரும் அரசாங்கக் காகிதத்தைப் படித்துச் சொல்வது. இவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும், பிரெஞ்சு தெரிந்த பள்ளி வாத்தியார்களும். எந்தப் பதிவேடும் இதைக் குறித்து வைக்கவில்லை. ஊர் தன் படைவீரர்களுக்குத் துணை நின்றது என்று நான் சொல்லும்போது முதலில் மனதில் வைப்பது இவர்களைத்தான்.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே பிரெஞ்சுப் போர் நினைவகம் 1938இல் திறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது. இந்தக் கல்லின் எதிரே நிற்கும்போது, திறப்பு விழாவுக்கு இரண்டு ஆண்டுகூட முந்தாத இன்னொரு நாள் நினைவுக்கு வராமல் இருக்காது. 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது அதே அரசின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா தலைமையில் எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்கள் அவர்கள். ஒரு தெருவில் பிரான்சுக்காக உயிர் விட்டவனின் வீடு, அடுத்த தெருவில் பிரெஞ்சுத் தோட்டாவுக்கு உயிர் விட்டவனின் வீடு. இரண்டு வீட்டுத் துக்கத்துக்கும் போய்வந்தவர்கள் ஒரே ஊர்க்காரர்கள். புதுச்சேரியைப் புரிந்துகொள்ள இரண்டு தேதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் ஊர் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. தாய்நாட்டு அரசு ஹிட்லரோடு உடன்பட்டுவிட்டது. போரைத் தொடர வாருங்கள் என்று லண்டனிலிருந்து ஜெனரல் தெ கோல் அழைத்தார். ஆளுநர் லூயி போன்வென் செப்டம்பரில் புதுச்சேரியைச் சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்த்தார். முதலில் சேர்ந்த காலனிகளில் இதுவும் ஒன்று. சுற்றிலும் பிரிட்டிஷ் ஆட்சி இருந்தது இதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. ஆனாலும் ஊருக்குள்ளிருந்து எழுந்த ஆதரவு பொய்யல்ல. விடுதலைப் போராளியாக இருந்து இங்கே வந்து தங்கிய ஸ்ரீ அரவிந்தர், பிரான்ஸ் வீழும் முன்பே ஆசிரமத்தின் சார்பில் பிரெஞ்சுத் தேசியப் பாதுகாப்பு நிதிக்குப் பணம் அனுப்பினார். பின்னர் நேசநாடுகளின் போர் நிதிக்கும் வெளிப்படையாகக் கொடுத்தார். பிரிட்டிஷாரை எதிர்த்த நண்பர்கள் பலரின் கோபத்துக்கு அதனால் ஆளானார். நாஜிகளுக்கு எதிராக நிற்பதே தர்மம் என்பதில் அவர் அசையவில்லை. அவர் நின்ற இடம் சரி என்றே நான் நினைக்கிறேன்.

தன்னார்வலர்கள் கிளம்பினார்கள். 1942 மே 26 முதல் ஜூன் 11 வரை லிபியப் பாலைவனத்தில் பீர் ஹக்கீம் என்ற இடத்தில் சுதந்திர பிரான்சின் ஜெனரல் கேனிக்கின் படை ஜெர்மன் தளபதி ரோமலை மறித்து நின்றது. புதுச்சேரிப் பிள்ளைகளும் அந்தப் படையில் இருந்தார்கள். பாரீஸ் மெட்ரோவின் ஆறாம் தடத்தில் பீர் ஹக்கீம் என்றே ஒரு நிலையம் இருக்கிறது. அங்கு குடியேறிவிட்ட நம் ஊர்க் குடும்பங்கள் அதில் ஏறி இறங்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

அடுத்து இந்தோசீனாவில் போர். சைகோனில் ஏற்கெனவே புதுச்சேரிக்காரர்கள் நிறைய இருந்தார்கள்: குமாஸ்தாக்கள், போலீஸ்காரர்கள், வரி வசூலிப்பவர்கள். புதிதாக வந்து இறங்கும் சொல்தாவுக்குத் தமிழில் பேசவும் சோறு போடவும் ஆள் இருந்தது. ஊர் விட்டு ஊர் வந்தும் ஊரே கிடைத்தது. இருந்தாலும் அந்தப் போரைப் பற்றி வெற்றிக் கதை எதுவும் சொல்ல முடியாது. 1954 மே 7இல் அங்கே பிரெஞ்சுப் படையின் அரணான தியென் பியென் ஃபூ வீழ்ந்தது. இங்கே அக்டோபர் 18இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையவே விரும்பினார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. தொலைதூரப் போர்முனையில் இருந்தவன் திரும்பி வந்தபோது, அவன் எந்தக் கொடியின் கீழ் கிளம்பினானோ அது ஊரில் பறக்கவில்லை. கிளம்பிய பாலமும் இல்லை. 1952 புயல் அதைக் கொண்டுபோய்விட்டது.

இங்கேதான் இந்த ஊரின் மனசு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சுதந்திரத்துக்காகப் போராடியவர்களும் பிரெஞ்சுப் படையிலிருந்து திரும்பியவர்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தார்கள். திரும்பி வந்தவனைத் தோற்ற நாட்டின் வீரன் என்று தெரு ஒதுக்கவில்லை. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, எந்தக் குடியுரிமை வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஆறு மாதம் தரப்பட்டது. சுமார் 5000 பேர் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துவிட்டார்கள். அண்ணன் பிரெஞ்சு, தம்பி இந்தியன் என்று ஆன குடும்பங்கள் உண்டு. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே பந்தியில்தான் உட்கார்ந்தார்கள். அமெரிக்க அரசியல் ஆய்வாளர் வில்லியம் மைல்ஸ் 1995இல் இந்தச் சமூகத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நம் பல்கலைக்கழகங்களிலிருந்தும் அப்படிப் பல புத்தகங்கள் வந்திருக்க வேண்டும்.

பிரான்சில் கட்டாய ராணுவச் சேவை இருந்தவரை, பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட புதுச்சேரி இளைஞர்கள் அதன் வழியாகவே பிரான்சுக்குப் போனார்கள். பலரும் அங்கேயே வேலை தேடிக்கொண்டார்கள். 1996இல் அதிபர் சிராக் அதை நிறுத்தப்போவதாக அறிவித்தார். அந்தத் தலைமுறையோடு பழைய பாதையும் மூடிக்கொண்டது.

லால்பகதூர் சாஸ்திரி தெருவில், அதாவது பழைய புஸ்ஸி தெருவில், முன்னாள் வீரர்களின் கூடமான ஃபொய்யே துய் சொல்தா இருக்கிறது. ஜூலை 14க்கு முந்தின இரவு அவர்கள் விளக்கேந்தி ஊர்வலம் போவார்கள். மறுநாள் காலை மார்பில் பதக்கங்களோடு நினைவகத்தில் நிற்பார்கள். பிரெஞ்சுத் துணைத்தூதரும் புதுச்சேரி அரசும் மலர்வளையம் வைப்பார்கள். இரண்டு நாட்டுக் கொடிகளும் பறக்கும், இரண்டு தேசிய கீதங்களும் ஒலிக்கும். நவம்பர் 11இலும் அப்படியே. விழாவைப் படம் எடுக்க வருகிறவர்கள் ஏராளம். அதைவிட, வருடம் முழுக்க நடக்கும் சின்ன வேலைகளே எனக்கு முக்கியம். வயதான சொல்தாவின் விதவைக்கு உயிர்ச் சான்று எழுதிக் கொடுப்பது, பிரெஞ்சில் வரும் ஓய்வூதியக் கடிதத்துக்குப் பதில் போடுவது. நூறு வருஷத்துக்கு முன் பள்ளி வாத்தியார் செய்ததை இன்று பக்கத்து வீட்டுப் பேத்தி செய்கிறாள்.

வீட்டில் பழைய இரும்புப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தெஸ் ஓம்' இணையத்தளத்தில், முதல் உலகப் போரில் பிரான்சுக்காக இறந்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் அட்டைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறந்த இடம் பொந்திஷேரி அல்லது கரிக்கால் என்று கொடுத்துத் தேடலாம். பெயரைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் பல விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். சுப்பராயன் ஒரு மாதிரியும் கனகராஜா இன்னொரு மாதிரியும் பதிவாகியிருப்பார்கள். பிரான்சின் எக்ஸ் நகரிலுள்ள ஆவணக் காப்பகம் புதுச்சேரியின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளையும் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. தாத்தாவின் படைப் புத்தகம், கடிதங்கள், பதக்கத்தோடு வந்த சான்றிதழ் இருந்தால் முதலில் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். ஈரக்காற்று அடிக்கும் ஊர் இது, காகிதம் தாங்காது. பிறகு குடும்பத்தில் மூத்தவர் ஒருவரை உட்காரவைத்து, தாத்தா கிளம்பிய நாளில் வீட்டில் யார் யார் இருந்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், யார் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி எந்தக் காப்பகத்திலும் கிடைக்காது.