நெருஞ்சி முளைத்த முற்றம்

பாலை என்றவுடன் மணற்குன்றும் ஒட்டகமும் ஈச்சமரமுமே நம்மவர் மனக்கண்ணில் தோன்றுதல் வழக்கம். மலைநாட்டிலே ஒரு பாலை உண்டு, அதன் நடுவே ஒரு கல்லூரி உண்டு, அக்கல்லூரியிலே யாழ்ப்பாணத்தான் ஒருவன் பன்னிரண்டு ஆண்டுகளாகப் படிப்பித்து வருகிறான் என்றால் நம்புவோர் சிலரே. ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலுள்ள சொகோரோ என்னும் சிற்றூரே அது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,600 அடி உயரம். எமது பண்டாரவளையிலும் உயர்ந்த இடம். ஆயினும் தேயிலையையும் பனிமூட்டத்தையும் அங்கே தேட வேண்டாம். ஓராண்டில் பெய்யும் மழை முழுவதையும் கூட்டினாலும் பத்து அங்குலமளவே தேறும்.

நோயுற்றிருந்த தந்தையாரைப் பேணும் பொருட்டு விடுமுறை பெற்று, மனைவியுடனும் மகளுடனும் இரண்டாண்டு காலம் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோம். அவர் காலமாகி, ஆட்டைத் திவசமும் நிறைவேறிய பின்னர், சென்ற ஜூன் மாதத்தில் சொகோரோவுக்குத் திரும்பினோம். தாயார் எம்முடன் வர இசையவில்லை. இங்கிருந்து புறப்பட்டபோது, "ஊருக்குப் போகிறோம்" என்று நண்பரிடம் விடைபெற்றோம். அங்கிருந்து புறப்பட்டபோதும் வாய்தவறி அதே சொல்லையே சொல்லிவிட்டோம். தாயாரின் முகம் மாறியதைக் கண்ட பின்னரே எமது பிழை எமக்கு விளங்கியது.

அல்புகேர்க்கி விமான நிலையத்திலிருந்து தெற்கே 75 மைல் தூரம். றியோ கிறாண்டே ஆற்றோரம் மட்டும் பச்சை. மற்றெல்லாம் கபில நிறம். கோடையில் அவ்வாறே சிற்சில இடங்களில் வறண்டு மணலாய்க் கிடக்கும். ஊரை நெருங்கியதும் மலையுச்சியில் வெள்ளையாய்த் தீட்டிய 'எம்' என்னும் பேரெழுத்துத் தெரிந்தது. 1889இல் சுரங்கக் கல்லூரியாகத் தொடங்கிய எமது கல்லூரியின் அடையாளம் அது.

பூட்டிக் கிடந்த வீட்டின் முதல் வேலை கூரைமேல் காத்திருந்தது. இவ்வூரார் வீட்டைக் குளிர்விப்பதற்கு ஒரு தகரப் பெட்டியைக் கூரைமேல் வைப்பர். அதன் பக்கங்களில் மரச்சீவல் மெத்தைகள் இருக்கும். அவற்றின்மேல் நீர் ஒழுக, ஒரு விசிறி வெளிக்காற்றை அவற்றினூடே இழுத்து உள்ளே தள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதியாலேயாம். இரண்டாண்டுக் காலத்தில் மெத்தைகள் சுண்ணாம்பு படிந்து கல்லாய் இறுகியிருந்தன. உச்சி வெயிலில் ஏணியில் ஏறி அவற்றைப் பெயர்த்தபோது, கிணற்றடியில் துலா மிதித்த எமது பாட்டனாரை நினைத்துக்கொண்டோம். அவருக்கு நீர் கீழே இருந்தது. எமக்கோ அதைக் கூரைக்கு ஏற்ற வேண்டியிருந்தது.

உடம்பும் ஊரை மறந்திருந்தது. முதல் வாரத்தில் உதடு வெடித்தது. மூக்கில் இரத்தம் கசிந்தது. உடுபுடைவை கொடியில் போட்டு அரைமணியில் காய்ந்துவிட, ஈரச்சேலை உலர்த்திப் பழகிய மனைவியார் வியந்து நின்றார். இவ்வுயரத்தில் நீர் 95 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆதலால் பருப்பு எளிதில் அவிவதில்லை. இதை மாணவருக்குப் படிப்பிக்கும் நாமே சமையலறையில் மறந்துபோய்க் கல்லுப் பருப்பைக் கடித்தோம்.

சொகோரோ என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு இடருக்கு உதவுதல் என்பது பொருள். 1598இல் வடக்கு நோக்கி வந்த ஸ்பானியர், பீரோ என்னும் பழங்குடியினர் அளித்த சோளத்தால் பசியாறினர். பெயர் அதனால் வந்தது. அன்னமிட்டவருடைய ஊர்கள் பின்னர் பாழாயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஊருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 35 மைலில், 1945ஆம் ஆண்டு ஜூலை 16ஆந் திகதி உலகின் முதல் அணுகுண்டு வெடித்துப் பார்க்கப்பட்டது. குண்டுச் சத்தங் கேட்டு வளர்ந்த எமக்கு அந்தத் திசையை வேடிக்கை பார்க்க ஒருபோதும் மனம் வந்ததில்லை. மேற்குத் திசையோ வேறு. 50 மைல் சென்றால், மலைசூழ் சமவெளியில் 27 பெருந்தட்டுக்கள் வானை நோக்கி நிற்கும். விண்மீன் கூட்டங்களிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கேட்கும் கருவி அது.

ஜூலையில் மழைக்காலம் தொடங்கிற்று. ஒருநாள் பிற்பகல், மலைக்குப் பின்னால் இடி முழங்கியது. துளி விழுமுன்னரே காற்றில் ஒரு நெடி பரவியது. கிரியோசோற்றுச் செடியின் பிசின் படிந்த இலைகள் நனையும்போது எழும் மணம் அது. எமக்குத் தார் பூசிய வேலிக் கட்டையை நினைவூட்டும். பதினொரு வயதான எமது மகள் புத்தகத்தை எறிந்துவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். "அப்பா, வீட்டு மணம்!" என்று கூவினாள். நாமும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஐப்பசி மழை விழுந்த செம்மண் மணத்தை அவளுக்குக் காட்டத்தானே இரண்டாண்டும் முயன்றோம்! அவளிடம் யாதும் சொல்லவில்லை.

அயல்வீட்டுப் பாட்டியாரைப் பற்றி ஒரு வார்த்தை. தலைமுறை தலைமுறையாக இவ்வாற்றோரத்தில் வாழும் ஸ்பானிய மொழிக் குடும்பத்தார் அவர். அவர் தோட்டத்துக்கு நீர் கொணரும் வாய்க்காலை 'அசேக்கியா' என்பர். அரபு மொழியிலிருந்து ஸ்பெயினுக்குப் போய், கடல்கடந்து வந்த சொல். எமது வீட்டுத் திறப்பு அவரிடமே இருந்தது. ஆகஸ்ட் இறுதியில், சுழலும் கம்பிக் கூட்டிலிட்டு நெருப்பில் வாட்டிய பச்சை மிளகாய் ஒரு பை கொண்டுவந்து தந்து, எமது மகளை "மிஹா" என்று அணைத்துக்கொண்டார். மகளே என்பது பொருள். தந்தையாரைப் பற்றி விசாரித்தார். தாயாரைத் தனியே விட்டு வந்தீர்களோ என்றும் கேட்டார். கல்லூரியில் எவரும் கேளாத கேள்வி. மறுமொழி சொல்ல நேரம் எடுத்தது.

மழையின் பின் முற்றத்தில் மஞ்சட் பூக்கள் படர்ந்தன. குனிந்து பார்த்தால் நெருஞ்சி! இவ்வூரார் இதனை ஆட்டுத்தலை என்பர். சைக்கிள் ரயர்களுக்குப் பெரும் பகை. எமது ஒழுங்கையில் காலிற் குத்திய அதே செடிதான். பழைய உலகத்திலிருந்து இங்கு வந்து வேரூன்றியது.

வரும் நவம்பரில், தெற்கேயுள்ள சதுப்பு நிலத்துக்கு வடதிசையிலிருந்து பெருநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும். நாரையைக் கண்டால் தூதுவிடுதல் தமிழ்ப் புலவர் மரபு. எமக்கோ கைத்தொலைபேசி இருக்கிறது. இங்கே இரவு எட்டு மணியாகும்போது யாழ்ப்பாணத்தில் மறுநாட் காலை ஏழரை. தாயார் தேநீர் குடித்து முடித்திருப்பார்.

நெருஞ்சியைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்தார். பின்னர், "காய்க்க முந்திப் பிடுங்கு தம்பி, பிள்ளையின்ரை காலிலை குத்திப்போடும்" என்றார். எப்போது வருவாய் என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறுமுன் மண்வெட்டியுடன் முற்றத்தில் இறங்கினோம். பாதிக்குமேல் ஏற்கெனவே காய்த்திருந்தது.