தந்தையாரின் வண்டி

பொள்ளாச்சியை அடுத்த எங்கள் ஊரில் ஆசிரியராய் இருந்த என் தந்தையார், 1979ஆம் ஆண்டில் ‘விஜய் சூப்பர்’ ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினார். அன்று தெருவே திரண்டு வந்து அதனைப் பார்த்தது. தங்கை முன்னே நிற்க, அன்னையார் பின்னே அமர, நான் இடையில் நெருக்குண்டு இருக்க, வெள்ளிக்கிழமைகளில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குச் செல்வோம். அந்த இன்பத்தை இன்றைய கார் எதிலும் நான் கண்டதில்லை.

அவ்வண்டி பிறந்த கதையைப் பின்னாளில்தான் அறிந்தேன். அதன் மூதாதை இத்தாலி நாட்டு லாம்பிரெட்டா. இரண்டாம் உலகப் போரில் சிதைந்த தம் தொழிற்சாலையை மிலான் நகரில் மீண்டும் எழுப்பிய இன்னொசெந்தி என்பவர், 1947இல் அதனைச் செய்து விற்கலானார். போரால் நலிந்த மக்களுக்கு அது கால்களாய் உதவிற்று. பின்னர்ச் சிறு கார்கள் பெருகவே, அங்கே அதன் மதிப்புக் குறைந்தது. நம் அரசு 1972இல் அத்தொழிற்சாலையின் இயந்திரங்களை விலைக்கு வாங்கி, லக்னோ நகரில் ‘ஸ்கூட்டர்ஸ் இந்தியா’ நிறுவனத்தைத் தொடங்கியது. 1975இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. பிறர் கழித்ததை நாம் வாங்கினோமே என்று நகைப்பாரும் உளர். நான் நகையேன். அந்நாளில் நம் நாட்டில் ஸ்கூட்டர் வேண்டுவோர், பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

ஆனால், காத்திருப்போர் வரிசை நீண்டிருக்கும்போது, செய்வோர்க்குப் புதுமையில் நாட்டம் பிறப்பது அரிது. 1984இல் ஜப்பானியத் தொழில்நுட்பத்துடன் கைனெடிக் ஹோண்டா வந்தது. அதில் கியர் மாற்ற வேண்டுவதில்லை; பொத்தானை அழுத்தினால் இயந்திரம் இயங்கும். மறு ஆண்டே, சிறிதளவு பெட்ரோலில் நெடுந்தொலைவு ஓடும் ஹீரோ ஹோண்டா மோட்டார் சைக்கிளும் வந்தது. லக்னோவிலோ பழைய அமைப்பே பெரும்பாலும் தொடர்ந்தது. வரிசை கலைந்தது. 1990களின் இறுதியில் ஸ்கூட்டர் உற்பத்தி நின்றது. மூன்று சக்கர வண்டிகளால் மேலும் சில காலம் உயிர் தாங்கிய அந்நிறுவனத்தை மூடிவிட 2021 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இசைவளித்தது.

அச்செய்தியை நான் படித்தபோது, தந்தையார் மறைந்து ஈராண்டு ஆகியிருந்தது. வண்டி வேப்பமரத்தடியில் கோணி போர்த்துக் கிடந்தது. அதனைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடப் போவதாக அன்னையாரிடம் கூறினேன். அவர் மறுமொழி கூறவில்லை. சற்று நேரம் கழித்துப் பார்த்தேன். கோணியை நீக்கிவிட்டு, தாம் அமரும் பின்னிருக்கையைத் தம் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வண்டியை ஒரு சிறு லாரியில் ஏற்றி, கோயம்புத்தூர் கணபதியில் உள்ள லேத் பட்டறை ஒன்றிற்குக் கொண்டு சென்றேன். தந்தையாரை அறிந்த முதியவர் ஒருவர் அங்கே இருந்தார்.

“வாத்தியாருங்க வண்டியல்லோ!” என்றார்.

“ஆமாங்க. கம்பெனியே இல்லை, இனி உதிரி உறுப்பு எங்கே கிடைக்கும்?” என்றேன்.

“கடையில எதுக்குத் தேடோணுங் கண்ணு? அளவு இருந்தாப் போதும்” என்று கூறி, தேய்ந்த புஷ் ஒன்றைக் கழற்றி வெர்னியரால் அளந்தார். லேத் சுழன்றது, பித்தளைச் சுருள்கள் என் காலடியில் உதிர்ந்தன.

பத்தாம் நாள் வண்டியை ஓட்டிக்கொண்டே ஊர் திரும்பினேன். ஓசை கேட்டுத் திண்ணையிலிருந்து எழுந்த அன்னையார், ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, புடைவை மாற்றிக்கொண்டு வந்தார்.