செம்மதுவும் மரச்சீனியும்

"பிரெஞ்சு மது இல்லாத விருந்தும் நாகரிகமாகுமா?" என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். நானும் நூல்களைப் புரட்டினேன்.

போர்தோ நகரத்துச் செம்மது ஒரு கலவை. கபர்னே சோவிஞோன் திராட்சை துவர்ப்பும் உறுதியும் தருகிறது. மெர்லோ அதை மென்மையாக்குகிறது. அத்துவர்ப்பு ஆட்டிறைச்சியோடு சேர்ந்தால் அடங்கும். மீனோடு சேர்ந்தாலோ, மதுவிலுள்ள இரும்பு கவிச்சையைக் கிளப்பும். மிளகாயின் எரிச்சலையும் மது கூட்டிவிடும். ஆகவே, நம் திருவனந்தபுரத்துக் குடம்புளி மீன்கறிக்கு அது ஒவ்வாது. பொருந்துவது மரச்சீனிக் கிழங்கே.

அந்தக் கிழங்கும் அயல்நாட்டுச் சரக்குத்தான்! பிறப்பிடம் தென்னமெரிக்கா. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதைப் பரவச் செய்தார். ஏழைகளின் பசி தீர்ந்தது. அயலார் பொருளை வெறுக்க வேண்டா, நண்பர்களே. நம் இலைக்கு ஒத்துவருமா என்று பார்த்து ஏற்போம்.