நானும் என் புழுக்களும்

பொழுதுபோக்குகள் பலவகை. சிலர் தபால்தலை சேர்ப்பர். சிலர் பழைய நாணயம் சேர்ப்பர். சிலர் துணியில் பூவேலை செய்வர். இவற்றைக் கேட்போர், "அப்படியா, நல்லது" என்பர். என் பொழுதுபோக்கைக் கேட்டவர்கள் மட்டும் இரண்டடி தள்ளி நிற்பார்கள். ஏனெனில், நான் வளர்ப்பது புழுக்களை!

எங்கள் புறவாசலில் ஓர் எலுமிச்சை மரமும் ஒரு கறிவேப்பிலைச் செடியும் உண்டு. எட்டாம் வகுப்பு விடுமுறையில் ஒரு நாள், எலுமிச்சைத் தளிரில் பறவையின் எச்சம் போல் ஏதோ ஒட்டியிருக்கக் கண்டேன். ஈர்க்குச்சியால் தொட்டேன்; அது நகர்ந்தது! அன்று முதல் அதுவே என் வேலையாயிற்று. அந்தப் புழு நான்கு முறை தோலுரித்தது. கடைசியில் இலைப்பச்சை நிறமானது. தொட்டால், தலையின் பின்னாலிருந்து பிளவுபட்ட கொம்பு ஒன்றை நீட்டி வாடை வீசும். பின்பு மெல்லிய நூலால் தன்னைக் குச்சியில் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். சில நாட்களில், கறுப்பில் மஞ்சள் புள்ளியிட்ட வண்ணத்துப்பூச்சியாக வெளிவரும்.

"ரசத்துக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை மிச்சம் வைக்க மாட்டேங்குதே இந்தப் பிள்ளை!" என்பது ஆச்சியின் புலம்பல். "இன்னைக்கு எத்தனை பேரன் பேத்தி?" என்பது அண்ணனின் கேலி. என் தோழியரோ, என் டிபன் பாக்ஸைத் தொடுமுன், "கை கழுவினாயா?" என்று மும்முறை கேட்பர். அப்பா மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். காலியான செருப்புப் பெட்டிகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்.

சென்ற அக்டோபர் மாதம் எங்கள் வீட்டில் ஜெபமாலை. பக்கத்து வீட்டார் பலர் வந்திருந்தனர். நன்கு வளர்ந்த புழு, கூடு கட்டுமுன் இடம் தேடி அலையும். பெட்டியைச் சரியாக மூடாதது என் பிழை. மூன்றாம் தேவ இரகசியத்தின்போது ஒரு மாமி "ஐயோ!" என்று அலறி எழுந்தார். அவர் சேலைத் தலைப்பில் என் புழு! ஜெபம் நின்றது. "வயசுப் பிள்ளைக்கு இதென்ன பழக்கம்? நீங்க கண்டிக்க வேண்டாமா?" என்று ஒருவர் அம்மாவைக் கேட்டார்.

அன்றிரவு அம்மா ஒரே வார்த்தை சொன்னார்கள்: "நாளைக்கு இந்த வீட்டுக்குள்ள ஒரு புழு இருக்கக்கூடாது." மறுநாள் பள்ளியிலிருந்து திரும்பினேன், பெட்டிகளைக் காணவில்லை. இரண்டு நாள் நான் அம்மாவிடம் பேசவில்லை.

எங்கள் விலங்கியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் போய் அழுதேன். அவர் எனக்கு இருவரைப்பற்றிச் சொன்னார். 1647இல் ஜெர்மனியில் பிறந்த மரியா சிபில்லா மெரியன், 13 வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். பூச்சிகள் சேற்றிலிருந்து தாமே தோன்றுவதாகப் பலர் நம்பிய காலம் அது. அவரோ முட்டை, புழு, கூடு, பூச்சி என ஒவ்வொன்றையும் பார்த்து வரைந்தார்; 1699இல் தென் அமெரிக்காவின் சூரினாமுக்கே கப்பலேறினார். அவிலா நகர்ப் புனித தெரேசாவோ, 1577இல் எழுதிய நூலில் ஆன்மாவைப் பட்டுப்புழுவுக்கு ஒப்பிட்டார். தாம் அதைக் கண்டதில்லை, கேள்விப்பட்டதே என்றும் அதில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். "நீ கண்ணால் கண்டவள்!" என்று சிஸ்டர் சிரித்தார்.

நான் மகிழ்ந்துபோனேன். உடனே அவர், "அந்த மாமி அலறியபோது உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. புழு நசுங்கிவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மா பதில் பேசாமல் என்னைப் புறவாசலுக்கு அழைத்துச் சென்றார்கள். எலுமிச்சைக் கிளை ஒன்றைச் சுற்றிப் பழைய கொசுவலைத் துண்டு கட்டப்பட்டிருந்தது. உள்ளே என் புழுக்கள் இலை தின்றுகொண்டிருந்தன! "கையால தொட அருவருப்பாத்தான் இருந்துச்சு. இலையோட எடுத்து வச்சேன். காக்கா கொத்திரக்கூடாதுல்லா?" என்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது.

பத்துப் பதினைந்து நாட்கள் சென்றிருக்கும். ஒரு நாள் விடியற்காலையில், "ஏட்டி, சீக்கிரம் வா!" என்று அம்மாவின் குரல். சுருங்கிய ஈரச் சிறகுகளோடு ஒரு பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது. சிறகு விரிந்து உலர்ந்து அது பறக்கும்வரை நாங்கள் இருவரும் நின்றோம். அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை.

இப்போது புழுக்கள் வீட்டுக்குள் வருவதில்லை. கறிவேப்பிலை முழுவதும் ஆச்சிக்கே. அண்ணனின் கேலி ஓயவில்லை. தோழியரோ, தம் வீட்டு எலுமிச்சையில் புழு கண்டால் தீப்பெட்டியில் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே என்னிடம் நீட்டுகின்றனர்!

என் விருப்பத்தை எல்லாரும் விரும்ப வேண்டுமென எதிர்பார்த்தேன். அது தேவையில்லை என்று இன்று அறிகிறேன். அருவருப்பை அடக்கிக்கொண்டு, இலையோடு எடுத்து வைக்கும் அன்பு ஒன்று போதும். அன்புத் தோழியரே, அந்த அன்பை நாமும் பிறர்க்குக் கொடுப்போமாக!